பெட்டிக்குள் போன மரவள்ளி

ரீசேட், பனியன் வாங்கத்தான் உலகம் திருப்பூருக்குப் போகிறது. நான் போனது மரவள்ளிக்கிழங்கு நிறுக்க. விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த கொழும்பு வியாபாரி, "எத்தனை டசின் எடுக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். "எண்பது பாத்தி" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

கிளிநொச்சியில் ஒரு மரவள்ளி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்கிறேன். பாதி நாள் சேற்றில் நிற்பேன், பாதி நாள் கணினிக்கு முன்னால் இருப்பேன். உகண்டா, வியட்நாம், இந்தியா, இலங்கை என்று நாலு நாட்டு ஆட்கள் சேர்ந்து செய்யும் காரியம் எங்களுடையது. ஒரே தாய் தகப்பனின் விதைகளை முறைப்படி சோதித்து நாலு நாட்டுக்கும் பங்கு பிரித்தோம். மரவள்ளியில் ஒரு விதை மாதிரி இன்னொரு விதை இருக்காது. கூடப்பிறந்த பிள்ளைகள் போலத்தான், சாயல் இருக்கும், குணம் வேறாக இருக்கும்.

உகண்டாவிலும் வியட்நாமிலும் முந்தியே நட்டு, கிழங்கு பிடுங்கி, மாச்சத்து எவ்வளவு, தேமல் நோய் தொட்டதா என்று எல்லாவற்றையும் அளந்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் இலையிலும் ஒரு துண்டு எடுத்து மரபணுவையும் வாசித்தாயிற்று. மரபணுவில் எது எங்கே இருந்தால் கிழங்கு எப்படி வரும் என்பதைக் கணினி அதிலிருந்து படித்துக்கொள்ளும். பிறகு இன்னும் வயலுக்கே போகாத ஒரு நாற்றின் இலையைக் கொடுத்தால் போதும். இது கிழங்கு வைக்கும், இது வெறும் இலை வைக்கும் என்று சொல்லிவிடும். ஒரு வருசம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் உகண்டா மண்ணில் படித்த பாடம் எங்கள் வன்னி வெயிலில் பலிக்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு எங்கள் பண்ணையில் ஆள் உருவமே இருந்தது. பெயர் தவம் அண்ணை, வயல் பொறுப்பாளர். எங்கள் நாற்றுமேடையில் பைகளில் இரண்டு கூட்டம் நின்றது. ஒரு கூட்டம் நெட்டையாய், பளபளவென்று இருந்தது. மற்றது முழங்காலுக்கும் எட்டாத கோணல் கூட்டம், நாங்கள் வைத்த பெயர் குள்ளன்கள். என் கணக்கு குள்ளன்களைத்தான் மேலே தூக்கி வைத்திருந்தது. தவம் அண்ணைக்கு நெட்டையன்கள் மேல் காதல். நிலம் இருந்ததோ ஒரு கூட்டத்துக்குத்தான். மழை தொடங்கியதும் ஒன்றை நட்டு, மற்றதை எருக்கிடங்கில் போடவேண்டும்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இதே குடும்பத்துப் பிள்ளைகளைத் திருப்பூர்ப் பக்கம் குன்னத்தூரில் நட்டு வருசமாகிறது. நடும்போதே அங்கும் என் கணக்கைச் சொல்லிவைத்திருந்தேன். நாற்பத்தேழாம் நம்பர் என்ற ஒரு குள்ளன்தான் என் கணக்கில் அங்கே முதலாவது. குன்னத்தூரில் கணக்குப் பலித்தால் கிளிநொச்சிக் குள்ளன்கள் பிழைக்கும், பலிக்காவிட்டால் எருக்கிடங்கு. அறுவடையைப் பார்க்கவேண்டிய இந்தியப் பக்கத்து விஞ்ஞானி காய்ச்சலில் படுத்துவிட, என்னைப் போகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திருப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். கண் போன பக்கமெல்லாம் துணி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு துணிக்கட்டு, பின்னால் ஒரு துணிக்கட்டு, நடுவில் கொஞ்சம் மனுசன். ஓட்டோவில் ஆட்களுக்குப் பதிலாகச் சாயம் போட்ட துணி உருளைகள் காலை வெளியே நீட்டிக்கொண்டு போயின. எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி பிள்ளையார் இருப்பார். இங்கே சந்திக்குச் சந்தி 'டெய்லர் தேவை, செக்கிங் தேவை, ஹெல்பர் தேவை' என்று அட்டை தொங்குகிறது. வேலையில்லாமல் அலையும் என் ஒன்றுவிட்ட தம்பியை நினைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அவன் இன்னும் பதில் போடவில்லை.

நிலம் தந்திருந்த வேலுச்சாமி அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டார். அம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, இரண்டு கையிலும் போன். நெசவுக்காரக் குடும்பம், வீட்டு முகப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் முருகன். இப்போது அனுப்பர்பாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், குன்னத்தூரில் காடு வைத்திருக்கிறார். காடு என்றதும் நான் யானையை எதிர்பார்த்தேன். அவர்கள் மேட்டு நிலத்தைக் காடு என்கிறார்கள்.

"மொதல்ல சாப்பிடோணுமுங்க அம்மிணி. பொறவுதான் குச்சிக்கெழங்கு" என்றார். மரவள்ளிக்கு அங்கே அதுதான் பெயர்.

அவர் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம். அரிசியும் பருப்பும் ஒன்றாய்க் குழைந்து, மேலே நெய் உருகி வழிந்தது. நான் மூன்று தரம் வாங்கினேன். நாலாவது தரம் அவர் மனைவி சரசக்கா கேட்காமலே வைத்தார். இந்த ஊர் மரியாதை சும்மா இல்லை. சோற்றுக்கு வந்த பூனையைக்கூட சரசக்கா, "அக்கட்ட போங்க சாமி" என்றுதான் துரத்தினார். பூனையும் மரியாதையாகப் போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு வேலுச்சாமி அண்ணன் மெல்ல ஆரம்பித்தார். "ஏனுங்க அம்மிணி, எங்க காட்டுக்கெல்லாம் தேமல் நோய் வந்துதுங்களே, அந்த வைரசுக்கு உங்க ஊர் பேருன்னு சொல்றாங்க. நெசமுங்களா?"

உண்மைதான். அந்த வைரசுக்கு விஞ்ஞானத்தில் இலங்கையின் பெயர்தான் இருக்கிறது. எங்கே போனாலும் இது ஒரு வெட்கக்கேடு. "ஓம் அண்ணன்" என்று தலையைக் குனிந்தேன்.

"அட, நீங்க கொண்டாந்தீங்கன்னா சொன்னேன்? சும்மா கேட்டேனுங்க" என்று சிரித்தார். பிறகு என் வேலை என்னவென்று கேட்டார். இலை, மரபணு, கணினி என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஜாதகம் பாக்கற மாதிரிங்களா?" என்றார். இல்லை அண்ணன், இது அளந்து பார்த்துச் செய்யிற கணக்கு என்றேன். "ஜோசியரும் அப்படித்தானுங்க சொல்லுவாரு. என்ர தங்கச்சிக்குப் பத்துப் பொருத்தமும் இருந்துச்சுங்க. மாப்பிள்ளை மூணாம் மாசமே துபாய் போயிட்டாரு." அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் கெழங்கு ஜோசியர்.

இரவு தவம் அண்ணை அழைத்தார். "யசோ, இஞ்ச வானம் கறுக்குது. குள்ளன்களைப் பிடுங்கட்டோ, விடட்டோ?"

"பொறுங்கோ அண்ணை. ஞாயிற்றுக்கிழமைதான் அறுவடை."

சனிக்கிழமை காலை சந்தகை. பார்த்ததும் இடியப்பம் என்று துள்ளினேன். "இல்லீங்க, சந்தகை" என்றார் சரசக்கா. ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் விட்டுத் தாளித்தது, இன்னொரு தட்டில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். மேலே சொதி ஊற்றாமல் இதென்ன சாப்பாடு என்று மனம் முறுகியது. வாய் முறுகவில்லை.

பிறகு கம்பெனிக்குப் போனோம். கீழே தையல், மேலே பேக்கிங். பேக்கிங் பொறுப்பு ஜெபாவுக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த பெண், கழுத்தில் சிலுவை, இடுப்பில் ஒரு டேக் கன். விலை அட்டையைச் சட்டையில் பிளாஸ்டிக் நரம்பால் குத்தும் கருவி அது. ஜெபா கதைக்கும்போது அதைச் சும்மா கிளிக் கிளிக் என்று அமர்த்திக்கொண்டே இருப்பாள். ஆமாம் என்பதற்கு நான் ஒவ்வொரு தரமும் "ஓம்" என்று சொல்ல, "அக்கா நாள் முழுக்க பூசைதான் பண்ணுதாங்க" என்று சிரித்தாள்.

வயலில் பாத்திக்குப் பாத்தி நம்பர் கட்டியிருந்த பட்டிகளும் இந்தக் கம்பெனியில் அடித்தவைதான். காகித அட்டைகள் முதல் மழையிலேயே கரைந்துபோக, சட்டைக்குள் தைக்கும் சாட்டின் லேபிளில் வேலுச்சாமி அண்ணன் நம்பர் அடித்துக் கொடுத்திருந்தார். அடித்தவர் பழைய எழுத்தை அழிக்க மறந்துவிட்டார். அதனால் எங்கள் விஞ்ஞானப் பாத்தி எண்பதிலும் ஒரு பக்கம் நம்பர், மறுபக்கம் 'மென்மையாகத் துவைக்கவும், இஸ்திரி போட வேண்டாம்' என்று இருந்தது. நாலு நாட்டுக் கூட்டத்தில் இதன் படத்தைக் காட்டியபோது உகண்டாவின் கிரேஸ் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள். உகண்டாப் பக்கத்து அளவையெல்லாம் அவளுடையது. ஆனாலும் என் கணக்கை அவள் நம்பவில்லை. "என் வயல் திருப்பூரைப் பார்த்ததே இல்லையே, அது எப்படிச் சொல்லும்?" என்பது அவள் வாதம்.

பின்னேரம் வயலிலிருந்து கொஞ்சம் நாட்டுக் குச்சிக்கிழங்கு வந்தது. அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தார்கள். நான் சரசக்காவின் அம்மியில் காய்ந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் அரைத்துச் சம்பல் செய்தேன். பேக்கிங் ஆட்கள் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் இஞ்சி டீ வந்தது. நான் கிளாசைத் தள்ளி வைத்தேன். மரவள்ளி தின்ற வாயில் இஞ்சி படக்கூடாது, பட்டால் நஞ்சு என்று எங்கள் நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கை போகவில்லை. "படிச்ச பிள்ளை டீக்குப் பயப்படுது" என்று ஜெபா என் கிளாசையும் சேர்த்துக் குடித்தாள்.

ஞாயிறு அறுவடைக்கு ஆள் எங்கே என்று கேட்டேன். வேலுச்சாமி அண்ணன் ஜெபாவின் பேக்கிங் செக்‌ஷனைக் காட்டினார். "காட்டு வேலைக்கு இப்ப யாருங்க வர்றா? எல்லாம் பனியன் கம்பெனிக்கு வந்துட்டாங்க. அதனால கம்பெனியவே காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிறலாமுங்க."

பாத்தி பாத்தியாகப் பிடுங்கி, பாத்தி பாத்தியாக நிறுக்கவேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். "நான் வாற வரைக்கும் ஒண்டிலும் கை வைக்காதேங்கோ" என்றும் சொன்னேன். "ஆகட்டுமுங்க. காலைல கம்பெனி வேன் உங்க லாட்ஜ் முன்னாடி ரோட்டுக்கு வருமுங்க, ஏறிக்குங்க. நேரா காட்டுக்குத்தான்" என்றார்.

ஞாயிறு விடிய ரோட்டில் நின்றேன். வெள்ளை வேன் வந்து நின்றது. உள்ளே சாப்பாட்டுத் தூக்குகளோடு பெண்கள். நான் ஏறியதும் நகர்ந்து இடம் தந்தார்கள். ஒருத்தி எனக்குப் பூவும் கிள்ளித் தந்தாள். அறுவடைக்குப் போகிறவர்கள் இவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு போகிறார்களே என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வேன் ஒரு பெரிய இரும்புக் கேற்றுக்குள் நுழைந்தது. இதென்ன, மரவள்ளிக்குக் காவல்காரன் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

காவல்காரர் அடையாள அட்டை கேட்டார். இல்லை என்றேன். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் ஒருவர் ஓடிவந்தார். "புதுசுங்களா? செக்கிங்கா, ஹெல்பரா?"

"மரவள்ளி" என்றேன்.

அவர் யோசித்தார். அப்படி ஒரு செக்‌ஷன் இருக்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஷிப்மென்ட் அவசரத்தில் ஞாயிறும் வேலை நடக்கும் கம்பெனி அது. வேலுச்சாமி அண்ணனின் வேனும் வெள்ளை, இவர்கள் வேனும் வெள்ளை, அந்த ஊரில் எல்லா வேனும் வெள்ளை. வேலுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டால் போகவில்லை, அவருடைய இரண்டு போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. சூப்பர்வைசர் நல்ல மனுசன். குன்னத்தூர்ப் பக்கம் போகிற லொறி ஒன்று வரும், அதில் அனுப்புகிறேன், அதுவரை இருங்க என்று ஸ்டூல் போட்டார். டீயும் பன்னும் வந்தன. "சும்மா இருக்கறதுக்கு இந்த நூலை வெட்டிக் குடுங்க" என்று சின்னக் கத்தரியும் வந்தது. லொறி வரும்வரை பிசிறு நூல் வெட்டினேன். உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் போட்டிருக்கும் சட்டைக்குக் கிளிநொச்சியாள் நூல் வெட்டியிருக்கிறாள் என்று நினைக்க எனக்கு இப்போதும் பெருமைதான். போகும்போது, நாளைக்கும் வாங்க என்றார்கள்.

லொறியில் துணி மூட்டைகளுக்கு மேல் ஏறி, காற்று வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலில் காட்டுக்கு வந்து சேர்ந்தேன். காட்டில் ஒரு செடிகூட நிற்கவில்லை.

வேப்பமரத்தின் கீழே அட்டைப் பெட்டிகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. எல்லாம் டேப் ஒட்டி, மூலை மடிப்புக் கலையாமல் அவ்வளவு நேர்த்தி. பக்கத்தில் ஜெபாவின் ஆட்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பீகார்க்காரன் ராகேஷ் போனில் மனைவியோடு ஹிந்தியில் கதைத்துக்கொண்டிருந்தான். ஜெபா எனக்கு மொழிபெயர்த்தாள்: "இன்னைக்குச் சட்டை இல்ல, கிழங்குதான் பேக்கிங். இது எந்த நாட்டுக்குப் போகுதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

பெட்டி ஒன்றின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது: எஸ் இரண்டு, எம் நாலு, எல் நாலு, எக்ஸ்எல் இரண்டு.

"ஜெபா, இதென்ன?"

"ரேஷியோ பேக்கிங்க்கா. ஒரு பெட்டிக்குள்ள எல்லா சைசும் கலந்து போவணும்லா. அப்பதான கடைக்காரன் ஒரு பெட்டிய ஒடைச்சா எல்லா சைசும் கெடைக்கும். மொத்தக் கிழங்கையும் ஒண்ணாக் குவிச்சு, நாலு சைசாப் பிரிச்சு, ஒரு பெட்டிகூட கணக்குத் தப்பாமப் போட்டிருக்கோம்."

எண்பது பாத்தியின் கிழங்கும் ஒன்றாய்க் குவிந்து, அளவு பிரித்து, எல்லாப் பெட்டிக்குள்ளும் சரிசமமாகக் கலந்துபோயிருந்தது. வேலுச்சாமி அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு வாளி வாங்கிட்டு வரலாம்னு போனேனுங்க அம்மிணி. அதுக்குள்ள பண்ணிப்போட்டாங்க. சும்மா நிக்கச் சொன்னா இவிங்களுக்கு நிக்கத் தெரியாதுங்க."

வரப்பில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது. ஒரு வருசம் நின்ற பயிர், ஒரு காலையில் கடைக்கு அனுப்பும் சரக்காகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தவம் அண்ணை அழைக்கவேண்டுமா?

"யசோ, முதல் மழை விழுந்திட்டுது. பிடுங்கட்டோ, விடட்டோ?"

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வெயில் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன். கிளிநொச்சியில் மழைக்குள் நிற்கும் என் குள்ளன்களை நினைத்தேன்.

என் முகத்தைப் பார்த்து ஜெபாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "பேக்கிங் சரியில்லங்கியளாக்கா? நீங்களே பாருங்க" என்று பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். மேலே நாலு எல் கிழங்கு, மண் துடைத்து, ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. ஒவ்வொரு கிழங்கின் கழுத்திலும் பிளாஸ்டிக் நரம்பு, நரம்பில் ஒரு சின்ன அட்டை. ஓர் அட்டையைத் திருப்பினேன். முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. அடுத்ததில் எட்டு. அடுத்ததில் நாற்பத்தேழு.

"இந்த நம்பர்..."

"பாத்தியில லேபிள் கட்டியிருந்துச்சே, அந்த ஸ்டைல் நம்பர்தான். செடியில இருந்து வெட்டுறதுக்கு முன்னாலயே குத்திட்டோம். டேக் இல்லாத பீஸ் பெட்டிக்குள்ள போகப்படாதுல்லா." அவளுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. இன்னொரு பெட்டியைக் கிழித்தேன். எல்லாவற்றிலும் டேக். மூன்றாவது பெட்டியைக் கிழிக்கும்போது அவளைக் கட்டிப்பிடித்து, அந்தக் காட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். "ஏக்கா, வுடுங்க, கன் வெடிச்சிரும்" என்று கத்தினாள்.

பெட்டி எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்கவேண்டும் என்று சொன்னபோதுதான் அவளுக்கு நிசமாகக் கோபம் வந்தது. பேக்கிங் முடித்த பெட்டியை உடைப்பது அவர்களுக்குக் கோயில் கலசத்தைக் கழற்றுவது மாதிரி. பெட்டிகளை நிறுக்க அனுப்பர்பாளையம் கம்பெனிக்குக் கொண்டுபோகும் வழி முழுக்க, வேனில் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

பேக்கிங் மேசைகளில் எண்பது குவியல் போட்டோம். சட்டைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஒவ்வொரு குவியலையும் முதலில் காற்றில் நிறுத்தோம். பிறகு கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். மாச்சத்துக் கூடிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் பாரமாய் நிற்கும், இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் மாச்சத்தைக் கணக்கிடலாம். தண்ணீர்ப் பாத்திரத்துக்குக் கவலையே இல்லை. அனுப்பர்பாளையம் பாத்திரம் செய்யும் ஊர். பக்கத்துப் பட்டறையிலிருந்து, கல்யாண வீட்டுக்குச் சோறு வடிக்கும் அளவில் ஓர் அண்டா உருண்டு வந்தது. எங்கள் பண்ணையில் இதே வேலையை நீல நிற பிளாஸ்டிக் பீப்பாவில் செய்கிறோம். அண்டாவில் செய்தால் விஞ்ஞானத்துக்கே ஒரு கல்யாணக் களை வந்துவிடுகிறது.

விசயம் தெரிந்ததும் ஆளாளுக்குப் பக்கம் பிரிந்தார்கள். ராகேஷ் அறுபத்தாறின் பக்கம், அதுதான் காட்டிலேயே உயரமான செடியாம். வேலுச்சாமி அண்ணன் முருகனுக்கு உகந்ததென்று ஆறாம் நம்பரைப் பிடித்துக்கொண்டார். என் கணக்கில் முதலாவது நாற்பத்தேழு, இரண்டாவது பன்னிரண்டு. பன்னிரண்டு முதலில் தராசுக்கு வந்தது. கூடை தண்ணீருக்குள் போனதும் தராசு அப்படியே சோர்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி கிழங்கு. "ஜோசியம் அவ்வளவுதானுங்களா அம்மிணி?" என்றார் வேலுச்சாமி அண்ணன். குரலில் பகிடி இல்லை, பாவப்பட்டுத்தான் கேட்டார்.

அறுபத்தாறு வந்தது. ஆள் உயரம்தான், கிழங்கு விரல் கனம். ராகேஷ் தலையில் அடித்துக்கொண்டான். ஆறு நடுத்தரம். முப்பத்தொன்று நல்ல பாரம், அது என் கணக்கில் மூன்றாவது. கொஞ்சம் மூச்சு வந்தது.

நாற்பத்தேழின் கிழங்குகள் கட்டையாய், கோணலாய் இருந்தன. ராகேஷ் கூடையைத் தண்ணீருக்குள் விட்டு, திரும்பி ஹிந்தியில் ஏதோ சொன்னான். "கல்லாட்டம் இழுக்குதாம்" என்றாள் ஜெபா. கோபத்தை மறந்து முதல் ஆளாய் அவள்தான் தராசைக் குனிந்து பார்த்தாள். அதுவரை வந்த எல்லாவற்றையும்விட நாற்பத்தேழு மேலே நின்றது. கடைசிக் குவியல் வரையும் எதுவும் அதை எட்டவில்லை.

கணினியைத் திறந்து நான் சொல்லிவைத்த வரிசையையும் தராசு சொன்ன வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அச்சாக ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு என் மானத்தை வாங்கிவிட்டது. ஆனால் நான் மேலே வைத்ததில் பெரும்பாலானவை மேலேயே நின்றன, கீழே வைத்தவை கீழேயே கிடந்தன. வெறும் உயரத்தை வைத்துத் தெரிந்தெடுத்திருந்தால் குப்பைதான் மிஞ்சியிருக்கும். உகண்டாவும் வியட்நாமும் சேர்ந்து குன்னத்தூரைப் பற்றிச் சொன்னது பலித்துவிட்டது. கிரேசுக்குச் செய்தி போட்டேன். ஒரு சிரிப்பும், நான் மொழிபெயர்த்தால் இப்படி வரும் ஒரு குரல் செய்தியும் வந்தன: "என் வயலுக்கு இவ்வளவு தூரம் கண் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே, பெண்ணே."

தவம் அண்ணைக்கு நானே அழைத்தேன்.

"பிடுங்கட்டோ, விடட்டோ?"

"விடுங்கோ அண்ணை. குள்ளன்களை விடுங்கோ."

"அப்ப நெட்டையன்களை? பாக்க எவ்வளவு வடிவாய் நிக்குதுகள்" என்றார். எனக்கும் அவரை நினைக்கக் கவலையாகத்தான் இருந்தது. "ஓம் அண்ணை, எருக்கிடங்குதான்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

நாற்பத்தேழில் இரண்டு கிழங்கை அவித்தோம். சாப்பிட்டு முடிய இஞ்சி டீ வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குடித்தேன். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை வழியனுப்ப வந்த வேலுச்சாமி அண்ணன் காகிதத்தில் சுற்றிய ஒரு குச்சியை நீட்டினார். நாற்பத்தேழின் தண்டு. "பையில போட்டுக்குங்க அம்மிணி. ஆருக்குத் தெரியப்போகுது?" ஆசைதான். ஆனால் தண்டுக்குள் ஒளிந்து எந்த வைரஸ், எந்தப் பூச்சி கடல் தாண்டும் என்று யாருக்குத் தெரியும்? "வேண்டாம் அண்ணன். எங்கட ஊர் பெயரிலை ஒரு நோய் போதும்" என்றேன். சிரித்துக்கொண்டே குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஜெபா தந்ததை மட்டும் மறுக்கவில்லை. ஒரு டேக் கன், ஒரு பை நிறைய நரம்பு, ஒரு கட்டுச் சாட்டின் லேபிள். விமான நிலையத்தில் அந்தக் கன்னை ஸ்கேன் படத்தில் பார்த்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மேசையிலிருந்த இரண்டு காகிதத்தைச் சேர்த்துக் குத்திக் காட்டினேன். இன்னொரு தரம் குத்திக் காட்டச் சொன்னார். மூன்றாவது தரம் அவரே வாங்கிக் குத்திப் பார்த்தார். ஊரில் இறங்கியதும் சுங்கத்தில், செடி, விதை, கிழங்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று உண்மையைத்தான் சொன்னேன்.

பண்ணைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. தவம் அண்ணை குள்ளன்களை வரிசையாக நட்டு முடித்திருந்தார். ஈர மண்ணில் முழங்காலுக்கும் கீழே, கோணல் மாணலாய், ஒன்றுக்கும் உதவாத பிள்ளைகள் போல நின்றன. எருக்கிடங்குப் பக்கம் நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

டேக் கன்னை எடுத்தேன். முதல் வரிசையில் முதல் குள்ளனின் இலைக்காம்பில், நோகாமல் ஒரு லேபிளைக் குத்தினேன். நம்பர் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், ஜெபா தந்த கட்டு முழுக்க எக்ஸ்எல் என்று அடித்த லேபிள். குள்ளனின் உடம்பில் பெரிய ஆள் சட்டையின் அளவு.

தவம் அண்ணை கிட்ட வந்து குனிந்தார். லேபிளைப் பார்த்தார், குள்ளனைப் பார்த்தார். சேறு படிந்த விரலால் அதை நேராக்கிவிட்டார்.

"பெரிசாக் கிடந்தால் கிடக்கட்டும்" என்றார். "வளருற பிள்ளைதானே."